கான்வெட்டி இருளப்பனும் பாதித் தாளும்

இருளப்பனின் கால்கள்தான் எனக்கு முதலில் பழக்கமானவை. இலங்கையில், தெரணியகலைக்கு மேலே இருந்த மூங்கில்மூலை ரப்பர் தோட்டத்து மருந்துச்சாலையில் நான் 1921இல் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வாரமே அவர் வந்து வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் நீட்டினார். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவருக்கு வேறு எப்படி இருக்கும்? கழுவி மருந்து வைத்துக் கட்டிவிட்டு, மூன்று நாள் ஈரத்தில் நிற்காதீர்கள் என்றேன்.

"மூணு நாளு வெயிலடிச்சா நிக்கலம்மா. அத நீங்க அங்கதான் சொல்லணும்" என்று வானத்தைக் காட்டினார்.

மலையில் விழும் மழைநீர் ஓடிப்போவதற்கு வெட்டும் வாய்க்காலைத் தோட்டத்தில் கான் என்பார்கள். இருளப்பன் கான்வெட்டி. ராமநாதபுரம் பக்கத்து ஊர்க்காரர். ஒன்பது வயதில் தகப்பனோடு தோணியில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக நடந்தார். தகப்பன் வழியிலேயே பேதியில் போய்விட்டார். மகனை, ஆள் கூட்டிவந்த கங்காணி கொண்டுவந்து சேர்த்தார். பதினாறு வயதில் கையில் மண்வெட்டி வந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு வேலை பார்த்ததில்லை.

அவருடைய கானுக்குப் பெயர் இருந்தது. மலை உச்சியில் நின்று கீழே ஒரு மரத்தை ஒரு தரம் பார்ப்பார். கயிறு பிடிக்காமல், நூல் பிடித்தது போல நேராக இறக்கிவிடுவார். மழை நின்ற அரை மணியில் மலை முழுவதும் வடிந்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் நல்ல கான் என்றால் அதுதான். வெளித்தோட்டத்துத் துரைமார் வந்தால் எங்கள் துரை எட்டாம் நம்பர் மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார். அதில் இருளப்பனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் மனைவி சடைச்சிக்குப் புல் சுரண்டும் வேலை. ரப்பர் மரங்களுக்குக் கீழே ஒரு புல் நிற்கக் கூடாது என்பது அன்றைய கட்டளை. பெண்கள் வரிசையாகக் குனிந்து, சொரண்டி என்கிற தகட்டுக் கருவியால் புல்லை மண்ணோடு வழித்தெடுப்பார்கள். பூண்டு ஒன்று தப்பி நின்றாலும் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிக் கூலி. மலை மெழுகின அடுப்பு மாதிரி இருக்கும். பார்க்க அழகுதான்.

அந்த எட்டாம் நம்பர் மலையின் அடியில்தான் ஆட்கள் குடியிருக்கும் கீழ் லயம், வரிசையாக இருபது காம்பரா, காம்பரா என்றால் ஓர் அறை. பாறையிடுக்கில் ஊறும் தண்ணீரை மூங்கில் குழாயில் விட்டிருந்தார்கள். அதைப் பீலி என்போம். குடிக்க, சமைக்க, குளிக்க அந்த லயத்துக்கு அது ஒன்றுதான்.

1929ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் பீலி ஐந்து நாள் செங்காவியாக ஓடியது. கீழ் லயத்தில் பதினொரு பேருக்கு வயிற்றுக்கடுப்பு. நான்கு பிள்ளைகள் போய்விட்டன. மூன்றாவதாகப் போனது இருளப்பனின் மகள் வயிற்றுப் பேத்தி, ராக்காயி. மூன்று வயது. கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் கரண்டி கரண்டியாக ஊற்றிப் பார்த்தேன். நிற்கவில்லை.

அடுத்த வாரம் அவர் மருந்துச்சாலைக்கு வந்தார். காலை நீட்டவில்லை.

"நர்ஸம்மா, புள்ள எதுல செத்துச்சு?"

"வயித்துக்கடுப்பு."

"அது தெரியும். எதுல வந்துச்சு?"

"தண்ணியில."

"போன மாசமும் அதே தண்ணிதானே குடிச்சுச்சு."

"போன மாசம் மழை இல்ல. மழை பேஞ்சா மலையில கெடக்கிற அசிங்கம் அத்தனையும் மண்ணோட கரைஞ்சு பீலிக்கு வருது. கொதிக்க வச்சுக் குடிங்கன்னு நானும் தொண்டை கிழியச் சொல்றேன்."

"ஈர வெறகுலயா?"

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மண்ணு வராமப் பண்ண முடியாதா?"

"என்னைக் கேட்டா? கான் வெட்டுறது நீங்கதானே அண்ணே."

அடுத்த ஆள் காத்திருந்ததால் சட்டென்று சொல்லிவிட்டேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு எழுந்து போனார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, தெரணியகலையில் ஜுனைதீன் நானா கடையில் கருவாடு வாங்கினேன். வீட்டில் பிரித்தால் சுற்றியிருந்தது தமிழில் அச்சடித்த தாள். அச்சடித்த எதையும் படிக்காமல் எறிய எனக்குப் பழக்கமில்லை. மேலே பெரிய எழுத்தில் "மலைநிலத்தில் மண் காத்தல்" என்று இருந்தது. அரசாங்கம் தோட்டம் துறவு உள்ளவர்களுக்காகப் போட்ட பிரசுரம். நாலு பக்கத் தாளை மடிப்பில் கிழித்திருந்தார்கள். முன்பாதி மட்டும் என் கருவாட்டோடு வந்திருந்தது.

மறுநாள் இருளப்பனின் காலைக் கட்டிக்கொண்டே அதைப் படித்துக் காட்டினேன். பயிரைத் தாங்குவது மேல்மண். அது ஓர் அங்குலம் உண்டாக நூறு வருடத்துக்கு மேல் ஆகும். ஒரே மழையில் போய்விடும். புல்லை வேரோடு சுரண்டக் கூடாது, தாழப் படரும் கொடிகளை விட்டுவைக்க வேண்டும். சரிவில் நேராக இறங்கும் கான் நிலத்தின் எதிரி. கானைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டி, பத்தடிக்கு ஒரு குழி வைத்து, மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறங்கவிட வேண்டும்.

"நூறு வருசத்துக்கு ஓர் அங்குலமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எட்டாம் நம்பர்ல ரப்பர் வேரு மொழங்கால் ஒசரம் வெளிய நிக்குதும்மா." கட்டின காலைக் கீழே ஊன்றினார். பிறகு, "அப்ப நான் இத்தன வருசமா கான் வெட்டல. மண்ணு எறங்கிப் போறதுக்கு ரோட்டுப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார்.

இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். பக்கத்தின் கடைசி வரி இப்படி நின்றது: "ஆனால் மிகச் சரிவான நிலத்திலும், அடியில் பாறை உள்ள இடத்திலும்". அதற்கு மேல் தாள் இல்லை.

"ஆனான்னா?"

"மிச்சம் மத்தப் பாதியில இருக்கு."

"எட்டாம் நம்பர்ல ரெண்டடிக்குக் கீழ பாறை. அலவாங்குக் கம்பியப் போட்டா மணி அடிச்ச மாதிரி கேக்கும்."

"அப்ப அந்த ஆனா நமக்குத்தான். பொறுங்க, தேடிப் பாக்குறேன்."

தேடினேன். ஜுனைதீன் நானா தராசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் நோனா, கருவாடு நல்லமில்லையா?"

"கருவாடு நல்லம். சுத்தின தாள்ல மத்தப் பாதி வேணும்."

"கருவாட்டுக்குத்தான் காசு, தாள் சும்மா. சும்மா குடுத்ததுல பாதி கொறையுதுன்னு கேக்க வந்த மொத ஆள் நீங்கதான்."

ஆனாலும் மனிதர் நல்லவர். பழைய தாள் கட்டு முழுவதையும் அவிழ்த்துக் காட்டினார். இல்லை. கண்ணில் பட்டால் எடுத்துவைப்பதாகச் சொன்னார். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் மஹத்தயாவிடம் கேட்டேன். அவரிடம் இருந்தது வயலுக்கு உரம் போடுவதைப் பற்றிய தாள். கொழும்புக்கு ஒரு கடிதமும் எழுதினேன். விலாசம் கிடைக்காத பாதியில் இருந்திருக்க வேண்டும். "அரசாங்க விவசாயப் பிரிவு, கொழும்பு" என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டேன். அது யார் கைக்குப் போனதோ.

ஆடி பிறந்தது. "ஐப்பசி நமக்காகப் பொறுக்காதும்மா" என்றார் இருளப்பன். பீலிக்கு மண் வராமல் இன்னொரு மழைக்காலம் போக வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். நானும் தடுக்கவில்லை.

ரப்பர் விலை விழுந்திருந்த வருடம் அது. துரைக்கு ஆயிரம் கவலை. வேலை நேரம் முடிந்த பிறகு, பேர் கேட்காமல் செய்வதென்றால் எட்டாம் நம்பரில் பீலிக்கு மேலே உள்ள துண்டில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று கணக்கப்பிள்ளை மூலம் சொல்லியனுப்பினார். சொரண்டியும் அந்தத் துண்டுக்குள் போக வேண்டியதில்லை என்றார்.

நாலு மணிக்கு மேலேயும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை நடந்தது. தான் வெட்டிய நேர்க்கான்களைத் தானே கல்லடுக்கி அடைத்தார். குறுக்கே புதிதாக வெட்டிக் குழி வைத்தார். ஆற்றோரத்திலிருந்து கொடிகளைப் பிடுங்கிவந்து நட்டார். லயத்து ஆட்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்ன மாமா, மலைக்குக் கோமணம் கட்டுறீங்களா?"

"ஆமாடா. உங்க பீலிக்கு மானம் வேணாமா?"

தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் மேலான பெரிய கங்காணி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "நாப்பது வருசம் தொறந்தவன் இப்ப மூடுறான். அடுத்த வருசம் மறுபடி தொறப்பான். இவனுக்கு வேல தீராது" என்று சிரித்தார்.

சடைச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய வரிசை அந்தத் துண்டின் ஓரம்வரை சுரண்டிக்கொண்டு வரும். கொடி எல்லையைத் தாண்டி ஒரு முழம் வந்தால் அவளுக்குத்தான் ஏச்சு.

"நீரு கொடி நட நட நான் வழிக்கிறேன். நல்ல குடும்பம்யா நம்ம குடும்பம்."

"அந்தக் கொடிய மட்டும் விட்டுரு புள்ள."

"எனக்கு அரைப்பேரு போட்டா அந்தக் கொடியவா சமைக்கிறது?"

ஆனாலும் அவள் அதைத் தொடவில்லை. பக்கத்தில் சுரண்டின புல்லைக் கூடையில் அள்ளிவந்து குழிகளுக்கு மேல்கரையில் போட்டாள். யாரும் சொல்லிப் போட்டதாகத் தெரியவில்லை.

அந்த ஐப்பசி மழையில் பீலி கலங்கியது அரை நாள்தான். மறுநாள் காலையில் தெளிந்துவிட்டது. நானே ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்த்தேன். மருந்துச்சாலைப் புத்தகத்தில் கீழ் லயத்து வயிற்றுக்கடுப்பு முந்தின வருடம் பதினொன்று, அந்த வருடம் இரண்டு. இரண்டும் பிழைத்தன. பெரிய கங்காணி ஒரு மத்தியானம் பீலியில் குனிந்து இரண்டு கை தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனார். இருளப்பனுக்கு அது போதுமாக இருந்தது. என்னிடம் நான்கு தரம் சொன்னார்.

1931 வைகாசியில் பெரிய மழை பிடித்தது. அந்தப் பக்கத்து வைகாசி மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு என்ன சொல்வது? விளக்குத் திரிகூட ஈரமாகிவிடும். மூன்றாம் நாள் சாயங்காலத்துக்கு முன்னால் இருளப்பன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"குழியெல்லாம் ரொம்பி நிக்குதும்மா. மண்ணு காலுக்குக் கீழ பொதுபொதுன்னு இருக்கு. வெட்டி விட்ரலாம்னு கை சொல்லுது."

"வெட்டி விடுங்களேன்."

"கைதானே இத்தன வருசமும் சொல்லுச்சு. அது சொன்னதக் கேட்டுத்தானே எல்லாம் போச்சு. அந்தத் தாள இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன். "மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறங்கவிட வேண்டும்" என்றுதான் அதில் இருந்தது. பிறகு அந்த "ஆனால்" வந்தது. பிறகு கிழிந்த ஓரம்.

அவர் சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "தேக்கச் சொல்லுது" என்றார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் காலை, வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கல் லொறியைக் கவிழ்த்தது போல இருந்தது. எட்டாம் நம்பரில் பீலிக்கு மேலே இருந்த துண்டு, குழிகளும் கொடிகளும் பதினேழு ரப்பர் மரங்களும் சேர்ந்து, பாறையை விட்டு வழுக்கி இறங்கியிருந்தது. மேலே பாறை கழுவின சட்டி போலப் பளபளத்தது. மண் லயத்துக்கு எட்டாமல் நின்றது; எல்லோரும் பிரட்டில் இருந்ததால் பீலியிலும் ஆளில்லை, உயிர்ச்சேதம் இல்லை. பீலி இருந்த இடம் தெரியவில்லை.

எட்டு நாள் தோண்டினார்கள். முதல் ஆளாக இருளப்பன் நின்று தோண்டினார். மூங்கில் குழாய் நசுங்கிக் கிடைத்தது. ஊற்று கிடைக்கவில்லை. தண்ணீர் பாறைக்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. கீழ் லயம் ஆற்றுத் தண்ணீர் குடித்தது. ஆனி மாதத்துக்குள் என் புத்தகத்தில் பதினான்கு பேர். ஐந்து பேர் போனார்கள், அதில் மூன்று பிள்ளைகள். கொதிக்க வையுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். விறகு ஈரம்தான்.

அந்தத் துண்டை மட்டும் அவர் தொடாமல் விட்டிருந்தால் சரிந்திருக்குமா? எனக்குத் தெரியாது. அந்த மழையில் கான்களே மாற்றாத இன்னும் இரண்டு மலைகள் வேறு தோட்டங்களில் சரிந்தன. பெரிய கங்காணிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "மலையைக் கட்டிப்போட்டான், அது அறுத்துக்கிட்டு வந்துருச்சு" என்று பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். பீலி இருந்தபோது தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் இருளப்பனிடம் வெற்றிலை கேட்பார்கள். இப்போது அவர் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள்.

மிச்சமிருந்த எட்டாம் நம்பரைப் பழையபடி நேர்க்கானாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வெட்டியவரும் அவர்தான். கயிறு பிடிக்கவில்லை. கோடு கொஞ்சமும் கோணவில்லை. சடைச்சியின் வரிசை பின்னாலேயே வந்து, ஒதுங்கி நின்ற கொடிகளையும் வழித்துப்போட்டது. அவளும் அந்த வரிசையில் இருந்தாள்.

ஆவணியில் ஆள் குறைத்தார்கள். ரப்பர் விலைக்குப் பால் வெட்டுவதே நட்டம் என்று பாதித் தோட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கீழ் லயத்திலிருந்து ஒன்பது குடும்பங்களை ஊருக்கு அனுப்பும் பட்டியலில் இருளப்பன் பெயர் முதலாவது. எந்த ஊருக்கு? ஒன்பது வயதில் விட்ட ஊர். அங்கே அவரைத் தெரிந்த ஆள் ஒருவரும் இருக்க நியாயமில்லை. மகளும் மருமகனும் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு நான் கடைக்குப் போனபோது ஜுனைதீன் நானா என்னைக் கண்டதும் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். கடைக்கு வெள்ளையடிக்க அரிசிப் பெட்டியை நகர்த்தியிருக்கிறார்கள். ஆடாமல் இருக்க அதன் ஒரு காலுக்கடியில் மடித்துச் சொருகியிருந்த தாளை எடுத்து வைத்திருந்தார்.

"நோனா அண்டைக்குத் தேடினது இதா பாருங்க. இவ்வளவு நாளும் எங்கட பெட்டிய இதுதான் தாங்கியிருக்கு."

அதுதான். வாங்கிக்கொண்டேன். பிந்திவிட்டது என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

காட்டுவதா வேண்டாமா என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. என்ன வியாதி என்று கேட்கிறவருக்கு அதைச் சொல்வதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். புறப்படும் நாள் காலையில் இருளப்பன் கால் கட்டிக்கொள்ள வந்தார். பயணத்துக்கு வேட்டி துவைத்துக் கட்டியிருந்தார். சடைச்சி மூட்டையோடு படிக்குக் கீழே நின்றாள்.

"மத்தப் பாதி கெடைச்சிருச்சு அண்ணே."

"படிங்க."

படித்தேன். "ஆனால் மிகச் சரிவான நிலத்திலும், அடியில் பாறை உள்ள இடத்திலும் நீரை முழுவதும் தேக்கலாகாது. ஒவ்வொரு குறுக்குக் கானின் கடைசியிலும், பாறை வெளியே தெரியும் இடம் பார்த்து, மிகுந்த நீர் வழிவதற்கு இரண்டடி அகலத்தில் ஒரு வாய் விட வேண்டும்." அதற்குக் கீழே படமும் போட்டிருந்தது. அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

படத்தை நெடுநேரம் பார்த்தார். கோடுகள் அவருக்கு நன்றாகவே புரிந்தன.

"எத்தனையடின்னு சொன்னீங்க?"

"ரெண்டடி."

"பாறை தெரியிற எடம் கெழக்கு ஓரத்துல இருந்துச்சு. நான் அதுல உக்காந்துதான் வெத்தல போடுவேன்." கையைச் சாணாக விரித்துப் படிக்கல்லில் மூன்று தரம் அளந்தார். "அரை நாள் வேலம்மா."

"அப்படி வெட்டியிருந்தாலும் நின்னிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"முடியாது" என்று ஒத்துக்கொண்டார். "அரை நாள் வேல."

தாளைக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம், அங்கே தனக்கு ஏது மலை என்றார். இரண்டு பாதிகளையும் கஞ்சிப்பசை வைத்து ஒட்டி, பின்னால் வந்த கான்வெட்டிக்கு ஒருநாள் படித்துக் காட்டினேன். பெரிய கங்காணி சொன்னால் செய்கிறேன் என்றான். பெரிய கங்காணி சொல்லவில்லை. இன்றைக்கும் எட்டாம் நம்பரில் கான்கள் நேராகத்தான் இறங்குகின்றன.

அன்று காலை லொறி கீழே ஒலி எழுப்பியது. நான் கட்டை இறுக்கி முடித்து, பழக்கத்தில், மூன்று நாள் ஈரத்தில் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

சடைச்சி மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள். "நீங்க வேற நர்ஸம்மா. அந்த ஊர்ல மழயே கெடையாதாம்" என்றாள்.